12 வருட டிரை வான் அனுபவத்துக்குப் பிறகு பிளாட்பெட்: பயிற்றுநருடன் 2 வாரம் போதுமா?

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் 2012 இல் ஏ.இசட். உரிமம் (ஒன்ராறியோவில் ட்ரெய்லர் இழுக்கும் கனரக ட்ரக்குக்கானது) எடுத்தவன். அன்று தொட்டு இன்றுவரை டிரை வானும் (மூடிய பெட்டி ட்ரெய்லர்) குளிரூட்டி ட்ரெய்லருமாக ரொறன்ரோவிலிருந்து ஒஹாயோ, இண்டியானா, இலினோய் பக்கமே ஓடி வருகிறேன். விபத்து எதுவும் இல்லை. தராசு நிலையங்களிலும் சொல்லும்படியாக ஒன்றும் பிடிபட்டதில்லை. இப்போது நான் வேலை செய்யும் நிறுவனம் பிளாட்பெட் (சுவரும் கூரையும் இல்லாத திறந்த தட்டு ட்ரெய்லர்) பிரிவைப் பெரிதாக்குவதால், விருப்பமுள்ளவர்கள் மாறலாம் என்று கேட்டிருக்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன். அனுபவமுள்ள சாரதி என்பதால் எனக்கு யார்டில் 3 நாள் வகுப்பும், அதன்பின் பயிற்றுநர் ஒருவருடன் 2 வாரம் வீதியிலும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். புதிதாக உரிமம் எடுத்துச் சேருபவருக்கு இதே நிறுவனத்தில் 6 வாரம்.

எனக்கு இருக்கும் சந்தேகம் இதுதான். சென்ற மாதம் டொலீடோவுக்கு அருகில் ஒரு ட்ரக் தரிப்பிடத்தில் நின்றபோது, ஒருவர் மரச்சுமையின் மேல் ஏறிப் படங்கு விரித்துக்கொண்டிருந்தார். காற்று அடித்த ஒரு கணத்தில் அந்தப் படங்கு பாய்மரம்போலப் புடைத்து அவரையும் சேர்த்து இழுத்தது. அவர் பதறவில்லை, சட்டென்று முழங்காலில் இருந்து, படங்கின் ஓரத்தைத் தன் உடம்புக்குக் கீழே போட்டுக்கொண்டு காற்று அடங்கும்வரை அப்படியே கிடந்தார். நானாக இருந்தால் படங்கை விடாமல் பிடித்துக்கொண்டு கீழே விழுந்திருப்பேன் என்றே தோன்றியது. இதெல்லாம் 2 வாரத்தில் வருமா? பயிற்றுநரிடம் நான் எதைக் கேட்டுப் பெற வேண்டும்? பயிற்றுநருக்கு 29 வயது, எனக்கு 47. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தெற்குவழி எழுதியது:

தம்பி, நீங்கள் வீணாக யோசிக்கிறீர்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு 2 வாரம் என்பதே அதிகம். நான் 2009 இல் மாறியபோது ஒருவருடன் 4 நாள் போனேன், ஐந்தாம் நாள் தனியாக விண்ட்சர் எல்லையைக் கடந்தேன். விதிகள் ஒன்றும் பெரிய வித்தையல்ல. முன்பக்கம் தடுப்பில்லாத சுமை 5 அடி நீளத்துக்குள்ளும் 1,100 இறாத்தலுக்குள்ளும் இருந்தால் ஒரு கட்டு, அதாவது சுமையை இறுக்கும் ஒரு சங்கிலியோ பட்டியோ, போதும். எடை அதற்கு மேற்பட்டாலும், நீளம் 10 அடி வரை போனாலும் 2 கட்டு. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு 10 அடிக்கும், மிச்சமாக நிற்கும் துண்டுக்கும் மேலும் ஒவ்வொன்று. எல்லாக் கட்டுகளினதும் தாங்குதிறனைக் கூட்டினால் அது சுமையின் எடையில் பாதிக்குக் குறையக்கூடாது. புறப்பட்டு 80 கிலோமீற்றருக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். பிறகு 240 கிலோமீற்றர், 3 மணித்தியாலம், கடமைநிலை மாற்றம் (ஓட்டம், ஓய்வு என்று பதிவேட்டில் மாறுவது) ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அதற்கு ஒருமுறை. இவ்வளவையும் ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். மிச்சம் உடல் பலம்.

இரும்புச்சுருள் எழுதியது:

நான் கடந்த 6 வருடமாகப் பயிற்றுநராக இருக்கிறேன். பெரும்பாலும் ஹமில்டன் உருக்காலைகளிலிருந்து மிச்சிகன், ஒஹாயோ ஓட்டம். தெற்குவழி அண்ணை எழுதிய விதிகள் சரியானவை, ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என் அனுபவத்தில் புதிதாக உரிமம் எடுத்துவரும் பையனைவிட, 10 வருடம் டிரை வான் ஓட்டிய சாரதிக்குத்தான் பிளாட்பெட் பழக்குவது கடினம். அது அவருடைய குற்றமல்ல. முத்திரை வைத்துப் பூட்டிய ட்ரெய்லரைத் திறக்கக்கூடாது என்று கட்டளையிடப்பட்ட சாரதிக்குச் சுமையைச் சோதிக்கும் கடமையிலிருந்து விதியே விலக்கு அளிக்கிறது. கதவை மூடுவார்கள், முத்திரை போடுவார்கள், நீங்கள் இலக்கத்தை எழுதிக்கொண்டு புறப்படுவீர்கள். ஆகவே 12 வருடமாக நீங்கள் வீதியைப் பார்க்கப் பழகியிருக்கிறீர்கள், சுமையைப் பாராமல் இருக்கவும் பழகியிருக்கிறீர்கள். இரண்டாவது பழக்கத்தை விடுவிக்கத்தான் பயிற்றுநர் தேவை.

இதனால்தான் நான் பயிற்சியை வாரக்கணக்கில் அளப்பதில்லை, சுமைக்கணக்கில் அளக்கிறேன். 2 வாரத்தில் ஒரே ஆலையிலிருந்து ஒரே இடத்துக்கு 10 தடவை மரம் கொண்டுபோனவர் ஒரு சுமைதான் பழகியிருக்கிறார். அதே 2 வாரத்தில் மரம், சுருள், குழாய், ஒரு சக்கர இயந்திரம், ஒரு சங்கிலித்தட இயந்திரம் என்று ஏற்றி இறக்கியவருக்கு ஓரளவு கண் திறந்திருக்கும். நீங்கள் நிறுவனத்திடம் நாட்களைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம்; எந்தெந்தச் சுமைகள் வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

உருக்குச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். கண் (நடுத்துவாரம்) பக்கவாட்டில் பார்க்கும்படி, அதாவது உருண்டால் நேரே சாரதியின் அறைக்கு வரும்படி வைக்கப்பட்ட 42,000 இறாத்தல் சுருளை எங்கள் ஆட்கள் தற்கொலைச் சுருள் என்று அழைப்பது சும்மா இல்லை. ஆலைக்குள் வண்டியை நிறுத்தியதும் பளுதூக்கி அந்தச் சுருளை உங்கள் தட்டுக்கு மேலே கொண்டுவந்து தொங்கவிடும். இயக்குபவர் உங்களையே பார்ப்பார். அவர் கேட்பது ஒரே கேள்வி: எங்கே வைக்க? டிரை வானில் இந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். முள்ளுத்தூக்கிக்காரர் தன் பாட்டில் ஏற்றுவார், எடை பிழைத்தால் நீங்கள் தராசில் பார்த்துப் பின் அச்சுகளை நகர்த்திச் சரிசெய்வீர்கள். பிளாட்பெட்டில் அச்சுகள் பெரும்பாலும் அசையாதவை. அமெரிக்காவில் இழுவண்டியின் இரட்டை அச்சுக்கு 34,000 இறாத்தல். ட்ரெய்லரின் அச்சுகள் 10 அடி விலகியிருந்தால் அவற்றுக்கு 40,000. சுருளை ஓரிரண்டு அடி முன்னே வைத்துவிட்டால் ஆலையின் வாசல் தராசிலேயே தெரிந்துவிடும், ஆனால் அதைத் திருத்த மீண்டும் வரிசையில் நின்று பளுதூக்கிக்காரரிடம் கெஞ்ச வேண்டும். அந்த இடத்தைச் சோக்கட்டியால் தட்டில் முன்கூட்டியே குறித்துவைப்பது முதற்பாடம்.

பிறகு கட்டு. சுருளின் கீழே இருபக்கமும் கட்டை, கட்டைகள் விலகாதபடி இரும்புத் தாங்கி, அடியில் ரப்பர் விரிப்பு. சுருளின் கண்ணூடாகக் குறைந்தது ஒரு சங்கிலி அது முன்னோக்கி உருளாமல் பின்னுக்கு இழுக்க வேண்டும். குறைந்தது இன்னொன்று பின்னோக்கி உருளாமல் முன்னுக்கு இழுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறிபோலத் தெரியும்படி கண்ணூடாகக் குறுக்காகக் கட்டுவது இந்த வகைச் சுருளுக்குத் தடைசெய்யப்பட்டது. இது புத்தகத்தில் ஒரு வரி. ஆனால் சங்கிலி இறுகும்போது எந்தக் கோணத்தில் அது சுருளின் விளிம்பைக் கடிக்கிறது, மூலைக் காப்பு எங்கே நழுவுகிறது, சங்கிலியை இறுக்கும் ராட்செட் பைண்டரின் கடைசி அரைச் சுற்றில் கைக்கு என்ன தெரிகிறது என்பதை எந்த வரியும் சொல்லித்தராது.

என் முறை இது. முதல் இரண்டு சுமைகளையும் நான் கட்டுவேன், பழகுபவர் பார்ப்பார். மூன்றாவதிலிருந்து அவர் கட்டுவார், நான் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். குளிர் காரணமல்ல. கை வெளியே இருந்தால் திருத்திவிடும். பயிற்றுநர் திருத்திய கட்டை அவர் மறந்துவிடுவார். தானே அவிழ்த்துத் தானே திருப்பிக் கட்டியதை மறக்கமாட்டார். உங்கள் 29 வயதுப் பயிற்றுநர் தன் கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கக்கூடியவரா என்று பாருங்கள். வயதைப் பார்க்க வேண்டாம்.

சங்ககிரி எழுதியது:

நான் நாமக்கல் பக்கம். பத்து வருடம் முன்பு வரை ஊரில் லாரித் தொழிலில் இருந்துவிட்டு இப்போது பிராம்ப்டனில் இருக்கிறேன். இங்கே படங்கு என்று எழுதியிருப்பது எங்கள் ஊரில் தார்ப்பாய் என்பதுதான் என்று புரிந்துகொண்டேன்.

ஊரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும் என்பதைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு பையன் முதலில் கிளீனராக வண்டி ஏறுவான். அவன் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி, மழையில் இறங்கிக் கயிற்றை இழுத்துப் பார்த்து, லோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பின்னால் நின்று சொல்லப் பழகிவிடுவான். ஓட்டுவது அதற்குப் பிறகுதான். இங்கே ஓட்டுவதை முதலில் கற்றுக்கொடுத்து, லோடைப் பார்ப்பதைப் பத்து வருடம் கழித்து 2 வாரத்தில் சொல்லித் தருகிறார்கள். இரும்புச்சுருள் அவர்கள் சொன்ன அந்தக் 'கண்' எங்களுக்குக் கிளீனர் காலத்தில் கிடைத்தது.

ஆனால் அந்தப் பெருமையை நம்பி இங்கே வந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்கிறேன். முதல் மாதம் ஒரு பட்டியின் நுனி நீளமாகத் தொங்கியது. ஊர்ப் பழக்கத்தில் அழகாக ஒரு முடிச்சுப் போட்டுச் செருகினேன். பயிற்றுநர் முடிச்சைக் காட்டி, 'இதை அவிழ்' என்றார். இங்கே சுமையைப் பிடிக்கும் பட்டியில் முடிச்சு இருக்கவே கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பட்டியின் பலம் குறைந்துபோகும். நுனியைச் சுருட்டி விஞ்சில் (தட்டின் ஓரத்தில் பட்டியைச் சுற்றி இறுக்கும் உருளை) சேர்க்க வேண்டும் அல்லது ரப்பர் கொக்கியால் பிடித்துவைக்க வேண்டும். கையில் இருக்கிற பழைய வித்தை எல்லாமே உதவும் என்று நினைக்காதீர்கள்.

பனிப்பாதை எழுதியது:

நான் பெண் சாரதி. பிளாட்பெட்டில் 5 வருடம். வடமராட்சியான் அண்ணா கேட்ட படங்கு விடயத்துக்கு யாரும் பதில் எழுதாததால் எழுதுகிறேன்.

மரச்சுமைக்குப் போடும் படங்கு இருபக்கமும் ஏறக்குறைய 8 அடி தொங்கும் அளவுடையது, உருக்குச் சுமைக்குரியது 4 அடி அளவில் தொங்கும். மரப்படங்கு ஒன்று சுருட்டிய நிலையில் 80, 100 இறாத்தல் வரும். மழையில் நனைந்தாலோ பனியில் விறைத்தாலோ அது வேறு கதை. முதல் விதி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறக்கூடாது. ஏற்றும் இடத்தில் முள்ளுத்தூக்கிக்காரரிடம் மரியாதையாகக் கேட்டால் சுமையின் மேல் வைத்துத் தருவார். நான் கேட்டவர்களில் மறுத்தவர் மிகக் குறைவு; கேட்கக் கூச்சப்பட்ட ஆண்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, முடிந்தால் ட்ரக்கின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்திய பிறகே விரிக்க வேண்டும். முன்பக்கத்தை முதலில் கொக்கியிட்டுவிட்டால் காற்றே படங்கைப் பின்னோக்கி விரித்துத் தரும். மூன்றாவது, பின்னோக்கி நடக்கவே கூடாது. படங்கை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதுதான் எல்லோரும் முதல் வாரம் செய்வது. தட்டு தரையிலிருந்து 5 அடி. அதன்மேல் 8 அடி மரம் ஏறினால் நீங்கள் நிற்கும் உயரம் 13 அடி. வீட்டுக் கூரையில் பின்பக்கமாக நடப்பீர்களா?

நான் நடந்தேன். இரண்டாம் மாதம், பெப்ரவரி. மரக்கட்டுகளைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருந்தது. கீழே மென்பனி குவிந்திருந்ததால் மணிக்கட்டு முறிவோடு போயிற்று. அந்த வேளையில் என் பயிற்றுநர் சாரதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சோம்பேறி அல்ல. எங்களிருவரையும் இணைச் சாரதிகள்போல ஓட்டத்துக்குப் பயன்படுத்தியது நிறுவனம். பகலில் நான் கட்டி ஓட்டுவேன், இரவில் அவர் ஓட்டுவார். அவர் விழித்திருக்கும்போது நான் படுத்திருப்பேன். அதற்குப் பெயர் பயிற்சியா? நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: ஏற்றும்போதும் கட்டும்போதும் 80 கிலோமீற்றர் சோதனையின்போதும் பயிற்றுநர் விழித்து வெளியே நிற்பாரா? சம்பளம் மைலுக்கா, நாளுக்கா? மைலுக்கு என்றால் நீங்கள் கட்டும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். அவசரப்படுத்தத்தான் செய்வார்.

தெற்குவழி எழுதியது:

தங்கச்சி, உங்களுக்கு நடந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் அது கெட்ட நிறுவனத்தின் கதை. பயிற்சிக்காலம் நீளமாக இருந்திருந்தால் அதே பிழையை நீளமாகச் செய்திருப்பார்கள் அல்லவா?

இரும்புச்சுருள் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்வதெல்லாம் அழகாக இருக்கிறது. கணக்குத் தெரிந்தவருக்கு எந்தச் சுமையும் ஒன்றுதான் என்பது என் வாதம். நான் அடிக்கடி அகழ்பொறி ஏற்றுகிறேன். 30,000 இறாத்தல் என்றால் பாதி 15,000. தரம் 70 சங்கிலி, எட்டில் மூன்று அங்குலம், ஒன்று 6,600 இறாத்தல் தாங்கும். நாலு மூலைக்கும் நாலு சங்கிலி, மொத்தம் 26,400. தாராளமாகப் போதும். இதற்கு யார் பக்கத்தில் கை கட்டி நிற்க வேண்டும்?

இரும்புச்சுருள் எழுதியது:

அண்ணை, இந்த உதாரணத்தையே எடுத்ததற்கு நன்றி.

சங்கிலி தட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கி, சுமையின் மேலாகப் போய், மறுபக்கத் தட்டில் முடிந்தால் அதன் தாங்குதிறன் முழுவதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் தட்டிலிருந்து புறப்பட்டு இயந்திரத்தின் கொளுவிலேயே முடிந்துவிடும் சங்கிலிக்குப் பாதிதான். நாலு மூலையில் நாலு சங்கிலி என்பது அந்த இரண்டாவது வகை. ஆகவே ஒவ்வொன்றும் 3,300. நாலும் சேர்ந்து 13,200. உங்களுக்கு வேண்டியது 15,000. 1,800 இறாத்தல் குறைகிறது. ஐந்தாவது சங்கிலி போட்டால் 16,500, அப்போதுதான் சரி. 10,000 இறாத்தலுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்குக் குறைந்தது 4 கட்டு என்று விதி சொல்வது உண்மை; குறைந்தது என்பதைப் போதும் என்று வாசித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டின் பலம் என்பது அதில் மிகப் பலவீனமான துண்டின் பலம். சங்கிலியில் 6,600 இருக்கலாம், பைண்டரில் 5,400 என்று பொறித்திருந்தால் அந்தக் கட்டு 5,400 தான். சங்கிலியில் தரக்குறியே தேய்ந்து போயிருந்தால் அமெரிக்கப் பரிசோதகர் அதைத் தரம் 30 ஆகத்தான் எடுப்பார். எட்டில் மூன்று அங்குலத்துக்கு அது 2,650 இறாத்தல். நீங்கள் தரம் 70 என்று சத்தியம் செய்தாலும் அவர் கேட்கமாட்டார்.

இவை 2004 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ளவை. கனடாவின் தேசியப் பாதுகாப்புக் கோவையின் 10 ஆவது நியமமும் அதே ஆய்வுத் திட்டத்திலிருந்து பிறந்ததுதான். ஒன்ராறியோவில் 363/04 ஒழுங்குவிதி அதைத் தழுவியே நிற்கிறது. எல்லையின் எந்தப் பக்கம் நிறுத்தினாலும் இந்தப் பாதிக் கணக்கு மாறாது.

தெற்குவழி எழுதியது:

வாசித்தேன். கோவையை எடுத்தும் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி.

இத்தனை வருடமாக நான் எப்படித் தப்பினேன் என்று யோசித்தேன். அகழ்பொறியின் கையும் வாளியும் கீழே இறக்கப்பட்டுத் தனியாகக் கட்டப்பட வேண்டும் என்பதற்காக எப்போதும் வாளிக்கு மேலால் ஒரு சங்கிலி போடுவேன். அது ஐந்தாவது. கணக்குத் தெரிந்து போட்டதல்ல, பழக்கத்தில் போட்டது. 4 நாளில் எனக்குப் பழக்கிய மனிதர் அப்படித்தான் போடுவார். ஏன் என்று அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. ஆனாலும் வடமராட்சியான் 2 வாரத்துக்கு மேல் போகத் தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை. அந்த 2 வாரத்தில் ஏன் என்று கேட்கட்டும்.

நெடுஞ்சாலை11 எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. கட்டும் நேரமும் படங்கு போடும் நேரமும் பதிவேட்டில் எப்படி வரும்? டிரை வானில் ஏற்றும்போது நான் படுக்கையில் இருப்பேன்.

பனிப்பாதை எழுதியது:

கடமையில், ஓட்டாத நேரம். அமெரிக்கப் பக்கத்தில், வேலை தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும் என்று எண்ணும் 14 மணித்தியாலக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் 3 மணித்தியாலம் சுருளுக்குப் போய்விட்டால் மிச்சம் 11 தான், அதற்குள் இறக்குமிடத்தில் படங்கு கழற்றி மடிக்கவும் நேரம் வேண்டும். டிரை வான் சாரதி போடும் பயணத் திட்டம் பிளாட்பெட்டுக்குப் பொருந்தாது. பயிற்சியின்போது டிஸ்பாச்சுக்கு (ஓட்டங்களை ஒதுக்கும் அலுவலகம்) நேரம் சொல்லும் வேலையையும் நீங்களே செய்யப் பழகுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

உறவுகளே, 5 வாரம் கழித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

இரும்புச்சுருள் சொன்னபடி நிறுவனத்திடம் சுமைப் பட்டியல் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். பின்பு பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒரு தாளில் மரம், சுருள், குழாய், இயந்திரம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெட்டி போட்டுத் தந்தார். பனிப்பாதை தங்கச்சி சொன்னபடி சம்பளத்தையும் கேட்டேன். பயிற்சிக்காலத்தில் எங்கள் இருவருக்கும் நாட்சம்பளம் என்றார்கள். அது என் அதிர்ஷ்டம்.

பயிற்றுநர் பஞ்சாபிப் பையன். என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டான், எனக்கு முதல்நாள் அது குத்தியது. இரண்டாம் நாள் வட ஒன்ராறியோவில் ஹேர்ஸ்ற் பக்கத்து மரஆலை ஒன்றில் ஏற்றினோம். வெளியே சுழியத்துக்குக் கீழே 24. மூன்றடுக்கு மரம், நடு அடுக்கின்மேல் தனிப் பட்டிகள், உச்சியின்மேல் மற்றப் பட்டிகள். எல்லாவற்றையும் நானே கட்டினேன். விஞ்ச் தடியைப் பிடித்து முழுப்பாரத்தையும் போட்டு இறுக்கி, தொங்கும் பட்டிகளில் காற்றில் அடித்து முழங்காதபடி அரை முறுக்கும் போட்டு, திருப்தியோடு அவனைப் பார்த்தேன். அவன் இரண்டு கையும் சட்டைப்பைக்குள். இந்த இழையை வாசித்தானோ என்று நினைத்தேன்.

'அங்கிள், மூன்று பிழை இருக்கிறது. கண்டுபிடிக்கும்வரை வண்டி எடுக்கமாட்டேன்' என்றான்.

சுற்றி வந்தேன். பின்னாலிருந்து மூன்றாவது பட்டியை ரப் ரெயிலுக்கு (தட்டின் ஓரம் நெடுக ஓடும் உரசல் தடுப்பு இரும்பு) வெளியால் விட்டிருந்தேன். உள்ளால் விட இடமிருந்தது, வெளியே இருந்தால் பக்கத்தில் எதுவும் உரசினால் பட்டிதான் முதலில் அறும். அதைத் திருத்தினேன். இன்னொரு சுற்று. உச்சியில் ஒரு மூலைக் காப்பு இறுகும்போது திரும்பி, பட்டி மரத்தின் விளிம்பிலேயே நேரே கிடந்தது. அதையும் திருத்தினேன். மூன்றாவதைக் காணவில்லை. 40 நிமிடம் சுற்றினேன். விரல் விறைத்துவிட்டது, கோபமும் வந்தது. பட்டி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், எல்லாம் மத்தளம்போல ஒலித்தன.

கடைசியில் அவன் என்னைப் பின்னால் 20 அடி தள்ளிக் கூட்டிப்போய் நிறுத்தி, குனியச் சொன்னான். கட்டில் பிழையில்லை. முதலாம் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் இடையில் வைத்த கட்டைகள், அதற்கு மேலே இருந்த கட்டைகளோடு நேர்கோட்டில் இல்லை. ஓரிடத்தில் ஒரு முழம் விலகியிருந்தது. ஓட்டத்தில் அந்த இடத்தில் மரம் வளைந்து அமரும், அமர்ந்தால் நான் மத்தளம்போல இறுக்கிய பட்டி தளரும். ஏற்றும்போது நான் அதைப் பார்க்கவேயில்லை, ஏனென்றால் ஏற்றுவது முள்ளுத்தூக்கிக்காரரின் வேலை என்று நினைத்துச் சூடான அறைக்குள் இருந்து கோப்பி குடித்தேன். 12 வருடம் செய்ததைச் செய்தேன்.

முள்ளுத்தூக்கிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, பட்டி எல்லாம் கழற்றி, கட்டையை நேராக்கி, மறுபடி கட்டிப் புறப்பட 2 மணித்தியாலம். கப்புஸ்கேசிங்குக்குச் சற்று முன்னால் 80 கிலோமீற்றர் சோதனைக்கு இறங்கியபோது, அத்தனைக்கும் பிறகும் இரண்டு பட்டிகள் விஞ்சில் ஒவ்வொரு பல் ஏறின. அவன் இறங்கி வந்து நின்றான், கை சட்டைப்பைக்குள்தான்.

2 வாரம் முடிந்தது. பெட்டித்தாளில் மரத்துக்கு 5, குழாய்க்கு 2, இயந்திரத்துக்கு 2, சுருளுக்கு 1. அந்த ஒன்றும் கண் மேலே பார்க்கும்படி வைத்த சுருள். பக்கவாட்டுச் சுருள் ஒன்றும் நான் கட்டவில்லை. தனியாகப் போகலாம் என்றார்கள். மூன்று வாரம் தனியாக மரமும் குழாயும் ஓடினேன். இப்போது செவ்வாய்க்கிழமை ஹமில்டனில் முதல் பக்கவாட்டுச் சுருள் தருகிறார்கள். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பையனைத் திரும்பக் கேட்டேன். டிஸ்பாச் முதலில் முடியாது என்றது. தாளில் வெறுமையாக இருந்த பெட்டியைப் படம் எடுத்துப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். நேற்றுச் சம்மதித்தார்கள்.

தெற்குவழி அண்ணை, 2 வாரம் எனக்குப் போதவில்லை. 2 வாரமும் ஒரு நாளும் தேவைப்படுகிறது.

தெற்குவழி எழுதியது:

சரி தம்பி, அந்த ஒரு நாளை விட்டுத்தருகிறேன்.

இரும்புச்சுருள் எழுதியது:

செவ்வாய்க்கிழமை ஆலைக்குள் தலைக்கவசமும் ஒளிரும் மேலங்கியும் இரும்புமுனைச் சப்பாத்தும் இல்லாமல் விடமாட்டார்கள். கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். சங்கிலியில் எண்ணெய் பிடித்த பிறகு முதற்சோடி பைண்டரில் வழுக்கும். சோக்கட்டியை மறக்க வேண்டாம். வாசல் தராசுத் துண்டை இங்கே படம் எடுத்துப் போடுங்கள், அச்சு எடையைப் பார்த்துச் சொல்கிறேன்.